பாடிக்கு ஒண்ணு குடுங்க

இதைப் படித்துவிட்டு "சும்மா அளக்கிறான்" என்று சொல்லப்போகிறவர்கள், தேவாலா தாண்டி நெல்லிமட்டம் பஜார் வரைக்கும் ஒரு நடை போய்வாருங்கள். மினி பஸ் நிற்கும் இடத்தில், டிக்கெட் கவுண்ட்டருக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு மெஷின் நிற்கும். தலையிலிருந்து கால்வரை தேயிலைக் கொழுந்துச் சாக்கைப் போட்டு மூடிக் கயிறு கட்டியிருப்பார்கள். கரண்ட் வயரைப் பிடுங்கி வருஷக்கணக்காகிறது. அந்தச் சாக்கைத் தூக்கிப் பார்க்க ஊரில் ஒருத்தருக்கும் துணிச்சல் கிடையாது. ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். நான் மாற்றமாட்டேன். சம்பந்தப்பட்டவர்கள் வாயாலேயே கேட்டதைத்தான் சொல்கிறேன்.

கொரோனாவுக்கு முந்தின வருஷம் நடந்தது இது.

மருதாம்பாள் மோட்டார் சர்வீஸ் என்று ஒரு மினி பஸ் கம்பெனி. முதலாளி கோயமுத்தூரில். வண்டிகள் நெல்லிமட்டத்தில் கிளம்பி, எஸ்டேட் எஸ்டேட்டாகத் தொட்டுக்கொண்டு கூடலூர் போகும். பஜாரில் ஒரு சின்ன அறை. அதற்கு மரக்கதவு போட்ட ஒரு ஜன்னல். அதுதான் கவுண்ட்டர். அதற்குள்ளே மெட்டில்டா அக்கா உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பக்கத்துப் பேச்சில் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், மீதி தானாக விளங்கும். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு அங்கே 'பாடி' என்று பெயர். மலையாளக்கரையிலிருந்து ஏறிவந்த சொல். எஸ்டேட்டுக்கு ஒரு பாடி உண்டு. ஆனால் எவரும் இந்த எஸ்டேட் பாடி, அந்த எஸ்டேட் பாடி என்று நீட்டி முழக்கமாட்டார்கள். நாணயத்தால் ஜன்னல் கட்டையில் டக், டக், டக் என்று தட்டி, "பாடிக்கு ஒண்ணு குடுங்க" என்பார்கள். மெட்டில்டா அக்கா தலையைத் தூக்கி முகத்தைப் பார்ப்பார். முகம் தெரிந்தால் பாடி தெரியும். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். யாரும் வழி தப்பியதில்லை.

இந்த ஏற்பாட்டில் மண் விழுந்தது சின்னராஜ் மேனேஜராக வந்த பிறகுதான். கோயமுத்தூர்க்காரர். வாய்க்கு வாய் 'ங்க' போடுவார். அந்த 'ங்க'வைப் போட்டே கழுத்தையும் அறுப்பார். கவுண்ட்டர் சம்பளம் மிச்சம், கண்டக்டர் சம்பளம் மிச்சம் என்று முதலாளிக்குக் கணக்குக் காட்டி, டிக்கெட் மெஷினை இறக்கினார்.

மெஷினில் ஊர்ப்பெயர் ஏற்றவேண்டும் அல்லவா? சின்னராஜ் ஜீப்பில் போனபடியே ரோட்டோரப் போர்டுகளைப் பார்த்துச் சொன்னார். வழியில் ஓர் இடத்தில் துருப்பிடித்த தகரத்தில் 'பாடி' என்று மட்டும் எழுதியிருந்தது. அதையும் அப்படியே ஏற்றச் சொன்னார். அது பழைய பாடி. யானைகள் கூரையைப் பிரித்துப்போட, ஆட்கள் காலி செய்துகொண்டு போய் எத்தனையோ காலமாயிற்று. இப்போது சுற்றிலும் முள் மண்டிய உன்னிப்புதர். விளக்கு கிடையாது. மனுஷ வாடை கிடையாது.

மெட்டில்டா அக்கா சொல்லிப் பார்த்தார். "சார், பாடின்னு ஒண்ணு போட்டீங்கன்னா எல்லாரும் அதத்தான் அமுக்குவாங்க. அது ஆனை நிக்கிற எடம்."

"பழகிக்குவாங்க, உடுங்க" என்றார் சின்னராஜ்.

அந்த மாதக் கடைசியில் மெட்டில்டா அக்காவை வீட்டுக்கு அனுப்பினார். ஜன்னல் கதவை உள்பக்கம் ஸ்க்ரூ போட்டு முறுக்கி, அந்த அறையையே தன் ஆபீஸாக்கிக்கொண்டார். டிரைவருக்கு முன்னால் ஒரு சின்னத் திரை வைத்தார்கள். எங்கெங்கே டிக்கெட் விற்றிருக்கிறதோ அந்தப் பெயர்கள் அதில் தெரியும். அங்கே மட்டும்தான் வண்டி நிற்கவேண்டும். 'டிக்கெட் எங்கியோ, எறக்கம் அங்க.' இது சின்னராஜ் போட்ட ரூல்.

மேல்குன்று எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர் இசக்கியம்மா. முதியோர் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒரு சாயங்காலம் புருஷனுக்கு மருந்து வாங்கிக்கொண்டு, நனைந்த சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் பழைய கவுண்ட்டருக்கே போய்விட்டார்.

டக். டக். டக். "பாடிக்கு ஒண்ணு குடுங்க."

உள்ளே இருந்தவர் சின்னராஜ். ஜன்னல் திறக்கவில்லை. குரல் மட்டும் வந்தது. "மெஷின்ல எடுத்துக்குங்க."

போனார். திரையில் விரலை வைத்து எழுத்துக்கூட்டினார். பா... டி. படித்துவிட்ட சந்தோஷத்தோடு அமுக்கினார். படிக்கவே தெரியாதவர்களெல்லாம் பக்கத்து ஆளைக் கேட்டுப் பிழைத்துக்கொண்டார்கள். கொஞ்சம் படித்தவர் மாட்டிக்கொண்டார். இந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மலை முழுக்க மஞ்சு கட்டி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி. டிரைவர் ஆறுக்குட்டி வண்டியை நிறுத்தி, "பாடி! எறங்குங்க" என்றார்.

இசக்கியம்மா கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். "இது எங்க பாடி இல்லீங்க தம்பி. பழைய பாடி. மேல்குன்றுல எறக்கி உடுங்க."

ஆறுக்குட்டி கெட்டவர் அல்ல. பயந்தவர். போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது.

"டிக்கெட் எங்கியோ, எறக்கம் அங்கங்க. ஒருத்தருக்கு உட்டா நாளைக்கு ஊரே கேக்கும்."

"சார், மஞ்சு கட்டிக் கெடக்குது. பொம்பளையாளு..."

"எறக்கி உடுங்க."

இசக்கியம்மா அழவில்லை, கெஞ்சவில்லை. சாக்கை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு படியில் நின்று திரும்பிப் பார்த்தார். "அந்த ஐயாவுக்குப் பாடின்னா என்னன்னு தெரியல தம்பி. ஒரு நாளைக்குத் தெரிஞ்சுக்குவாரு."

இறங்கிப்போனார். மறுநாள் காலையில்தான் கண்டெடுத்தார்கள். ஒற்றைக் கொம்பன் யானை மிதித்திருந்தது. மருந்துப் பொட்டலம் மட்டும் கசங்காமல் கையில் இருந்தது.

புருஷன் சங்கிலி மேனேஜரிடம் வந்து நின்றான். "ஐயா, அவள எங்க பாடிக்குக் கொண்டுபோவணும். ஒரு வண்டி குடுங்க."

"பாடிய பஸ்ல ஏத்த முடியாதுங்க. அதுக்கு ரூல் இல்லீங்க."

எஸ்டேட்காரனுக்குப் பாடி என்றால் வீடு. சின்னராஜுக்குப் பாடி என்றால் பிணம். சங்கிலி திரும்பி நடந்தான். ஒரு கம்பளியில் கிடத்தி, நாலு பேராகத் தூக்கிக்கொண்டு மேல்குன்றுக்கு ஏறினார்கள். பட்டனைத் தப்பாக அமுக்கியது அந்தம்மாள்தான் என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஏழை சொல் அம்பலம் ஏறுமா? மெஷின் நின்ற இடத்திலேயே நின்றது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அதற்கு மறுநாள் தொடங்கியது.

காலையில் சின்னராஜ் ஆபீஸைத் திறக்க வந்தார். மெஷினின் வாயில் ஒரு டிக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவரை யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. எடுத்துப் பார்த்தார். 'பாடி' என்று இருந்தது.

கரண்ட் கோளாறு என்று கசக்கி எறிந்தார். மறுநாளும் ஒன்று தொங்கியது. அதற்கு மறுநாளும்.

மெஷின் கம்பெனிக்காரர்களை வரவழைத்து, 'பாடி' என்ற பெயரையே அழிக்கச் சொன்னார். அழித்தார்கள். திரையில் அந்தப் பெயர் இல்லை என்பதைத் தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டார்.

அடுத்த காலை ஒரு டிக்கெட் தொங்கியது. 'பாடி.' சில்லறை விழும் தட்டில் ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஒரு கொழுந்து கிடந்தது. அப்போதுதான் கிள்ளியது போல ஈரமாக இருந்தது.

அதன் பிறகு சத்தம் வந்தது. ஆபீஸில் தனியாக இருக்கும்போது, மழை கொஞ்சம் ஓயும்போது, ஸ்க்ரூ போட்டு அடைத்த ஜன்னலுக்கு வெளியிலிருந்து...

டக். டக். டக்.

வெளியே ஓடிப் பார்ப்பார். ஆள் இருக்காது. ஜன்னல் கட்டையில் மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். வெயில் அடித்த நாளிலும் சொட்டியது.

ஆனி மாதம். மறுநாள் காலை கோயமுத்தூரில் சின்னராஜின் மகளுக்கு நிச்சயதார்த்தம். எப்படியும் அன்று ராத்திரிக்குள் வீடு போய்ச் சேரவேண்டும். மத்தியானமே கிளம்பியிருக்கவேண்டியவர். ஜீப் உறுமியது, இருமியது, அடங்கியது. மெக்கானிக் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றான். ஆனாலும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. கடைசியில் நாலரை மணி பஸ்தான் மிச்சம். அதை விட்டால் வேறு வழி இல்லை.

ஆபீஸைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டார். பகல்தான். ஆனால் மஞ்சில் எதிரில் நின்ற பஸ்ஸே பாதிதான் தெரிந்தது. தன் ரூலுக்குத் தானே மரியாதை கொடுக்கவேண்டும் என்று மெஷினிடம் போனார். 'கூடலூர்' என்பதை அமுக்கினார்.

டிக்கெட் வந்தது.

'பாடி.'

மறுபடியும் அமுக்கினார். நகம் படும்படி அழுத்திப் பார்த்துத்தான் அமுக்கினார். மறுபடியும் 'பாடி'.

ரெண்டையும் கிழித்துச் சேற்றில் போட்டுவிட்டு வண்டியில் ஏறினார். மேனேஜரிடம் எவன் டிக்கெட் கேட்கப்போகிறான்?

பஸ்ஸில் நாலைந்து பேர்தான். யாரும் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. ஒரு கிழவர் மட்டும் அவரை உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டு அவசரமாக வேறு சீட்டுக்கு மாறிப்போய் உட்கார்ந்துகொண்டார். வண்டி கிளம்பிய பிறகுதான் சின்னராஜ் பையைத் தடவினார். போன் இல்லை. ஆபீஸ் மேஜையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்.

போகட்டும், கூடலூரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

ஒவ்வொருவராக இறங்கிப்போனார்கள். கடைசியில் அவர் ஒருவர்தான். வண்டிக்குள் பச்சைக் கொழுந்து வாசனை அடித்தது. உட்கார்ந்திருந்த சீட் நனைந்திருந்தது. அவர் உடுப்பு நனையவில்லை, சீட் நனைந்திருந்தது.

பக்கத்துக் கண்ணாடியைக் கையால் துடைத்தார். தன் முகம் தெரியும் என்று பார்த்தார்.

தெரிந்தது ஒரு தலை.

அதன்மேல் ஒரு சாக்கு.

சட்டென்று திரும்பினார். பின்னால் யாரும் இல்லை. முன்னால் ஆறுக்குட்டி, டிரைவர் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் சந்தித்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

டிரைவர் முன்னால் இருந்த திரையில் ஒரே ஒரு பெயர் எரிந்தது. 'பாடி.'

வண்டி நின்றது.

"பாடி..." என்றார் ஆறுக்குட்டி. திரும்பிப் பார்க்கவில்லை. "எறங்குங்க..."

"ஏனுங்க ஆறுக்குட்டி, வெளையாடறீங்களா? நான் கூடலூர் போகணும்."

ஆறுக்குட்டிக்குக் காது கேட்டதாகவே தெரியவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "டிக்கெட்டு... பாடிக்குத்தான் இருக்குதுங்கம்மா."

அம்மாவா?

சின்னராஜ் எழுந்தார். நான்தான்யா மேனேஜர், என்னைத் தெரியவில்லையா என்று கத்த வாயைத் திறந்தார். வாய் அசைந்தது. வந்தது வேறு குரல்.

"இது எங்க பாடி இல்லீங்க தம்பி."

பெண் குரல்.

ஆறுக்குட்டி அழுதுகொண்டே போனை எடுத்தார். எண்ணை அமுக்கினார். ஸ்பீக்கரைப் போட்டார்.

மணி அடித்தது.

அடிப்பது தன்னுடைய போன். பூட்டிய ஆபீஸுக்குள். சாவி தன் பையில்.

எடுக்க ஆள் இல்லை... எடுக்க ஆள் இல்லை... எடுக்காதே...

எடுத்தார்கள்.

"சொல்லுங்க ஆறுக்குட்டி."

அது சின்னராஜின் குரல். அட்சரம் பிசகாமல் அவருடைய குரல்.

"சார்... பழைய பாடிங்க சார்... மஞ்சு கட்டிக் கெடக்குது..."

"டிக்கெட் எங்கியோ, எறக்கம் அங்கங்க."

"சார்..."

"எறக்கி உடுங்க."

கதவு திறந்தது. சின்னராஜ் கம்பியைப் பிடித்தார். கை பிடித்தது, கால் கேட்கவில்லை. ஒவ்வொரு படியாகத் தானே இறங்கியது.

வண்டி போய்விட்டது.

மஞ்சு.

உன்னிப்புதரில் சொட்டும் தண்ணீர்.

எங்கேயோ கிளை ஒடிந்தது. படீர்...

ஓடினார். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கையில் சுவர் தட்டுப்பட்டது. இடிந்த வரிசை வீடு. கூரை இல்லாத அறைகளுக்கு நடுவே ஒரே ஒரு அறைக்கு மட்டும் ஜன்னல் இருந்தது. மரக்கதவு போட்ட ஜன்னல். நெல்லிமட்டம் கவுண்ட்டர் ஜன்னல்.

பின்னால் மூச்சு. பெரிய மூச்சு.

பையில் கையை விட்டார். ஒரு நாணயம் அகப்பட்டது. கட்டையில் தட்டினார்.

டக். டக். டக்.

"தொறங்க... கும்படறனுங்க... மகளுக்கு நாளைக்கு நிச்சயமுங்க... ஊட்டுக்குப் போகணும்... தொறங்க..."

கதவு கொஞ்சம் திறந்தது.

உள்ளே இருட்டு. பச்சைக் கொழுந்து வாசனை.

ஒரு முகம் அவர் முகத்தைப் பார்த்தது.

"எந்தப் பாடிங்க ஐயா?"



கழுத்தில் சூடாக அந்த மூச்சு பட்டது.

காலையில் வேலைக்கு இறங்கிய மேல்குன்று ஆட்கள்தான் அவரைப் பார்த்தார்கள். இடுப்புக்குக் கீழே எலும்பெல்லாம் நொறுங்கியிருந்தது. ஆனால் உயிர் இருந்தது. ரோட்டில் மரம் விழுந்து ஆம்புலன்ஸ் வரமுடியவில்லை. ஒரு கம்பளியில் கிடத்தித் தங்கள் பாடிக்குத் தூக்கிப்போனார்கள். கிடத்தியது சங்கிலியின் வீட்டில். நடந்ததையெல்லாம் சின்னராஜ் சொல்ல, சங்கிலி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். சொல்லி முடித்ததும் தண்ணீர் கொடுத்தான். கொடுத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "எங்க பாடி இதுதானுங்க ஐயா."

அந்தக் கூரையைப் பார்த்தபடியே சின்னராஜின் கண் நிலைத்தது. நிச்சயதார்த்தத்துக்குப் போட்ட பந்தலிலேயே இழவு கூடியது. பிணத்தைக் கோயமுத்தூர் கொண்டுபோகக் கம்பெனி வண்டி ஒன்று கேட்டார்கள். பஸ்ஸில் ஏற்ற ரூல் இல்லை என்று பதில் வந்தது. ரூல் போட்டவர் யார் என்று தெரியும்தானே?

இனிமேல்தான் விஷயம்.

போலீஸ் ஆறுக்குட்டியை விசாரித்தது. அவர் கர்த்தர்மேலும் காளியாத்தாள்மேலும் சத்தியம் செய்தார். மேனேஜர் அன்று தன் வண்டியில் ஏறவே இல்லை என்றார். ஏறியது இசக்கியம்மா. சாக்குப் போட்டுக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறினாள். செத்தவள் என்று அவருக்குத் தெரிந்தே இருந்ததாம். அதே இடத்தில் நின்று அதே வார்த்தையைச் சொன்னாளாம். இந்தத் தடவை எறக்கிவிடக் கூடாது, கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் மேனேஜரைக் கூப்பிட்டாராம். "அவருதான் எறக்கி உடச் சொன்னாரு. சார், போன எடுத்தது அவருதான்."

போன் கம்பெனியில் கேட்டுப் பார்த்தார்கள். அழைப்பு போயிருந்தது. எடுக்கவும் பட்டிருந்தது.

ஆபீஸ் பூட்டைப் போலீஸ் உடைத்துத் திறந்தது. போன் மேஜைமேல் இருந்தது. நனைந்திருந்தது. ஜன்னல் விரியத் திறந்து கிடந்தது. உள்பக்கம் முறுக்கிய ஸ்க்ரூக்கள் அத்தனையும் கழன்று, கட்டையில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் ரெண்டு இலை, ஒரு மொட்டு.

முதலாளி மறுவாரமே மெட்டில்டா அக்காவைக் கூப்பிட்டுக் கவுண்ட்டரில் உட்காரவைத்தார். மெஷினை எடுத்துப்போக வந்த லாரிக்காரர்கள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போனார்கள். வயரைப் பிடுங்கிச் சாக்குப் போட்டு மூடினார்கள். இன்றைக்கும் அக்கா முகத்தைப் பார்த்துத்தான் டிக்கெட் கிழிக்கிறார்.

ஆனியில் மட்டும், மஞ்சு இறங்கும் சாயங்காலங்களில், கட்டையில் ஒரு தட்டல் கேட்கும். டக், டக், டக். மரியாதையான ஆண் குரல்.

"ஏனுங்க... கூடலூர் ஒண்ணு குடுங்க... ஊட்டுக்குப் போகணும்..."

அப்போது மட்டும் மெட்டில்டா அக்கா தலையைத் தூக்குவதில்லை. முகத்தைப் பார்ப்பதில்லை. குனிந்தபடியே ஜன்னலைச் சாத்துகிறார்.

"மெஷின்ல எடுத்துக்குங்க."

பிறகு, கரண்ட் இல்லாத அந்த மெஷின், சாக்குக்குள்ளே கிர்ர்... என்று ஒரு டிக்கெட்டை அடித்துத் தள்ளும். பஜாரில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கும். அதில் எந்த ஊர் என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை.